மூன்று தட்டுக்குப் பதில்

எட்டாவது பெட்டியையும் இழுத்து இறக்கினாள் ஷாமிளா. பருப்புப் பெட்டி. பதினைந்து கிலோ. அட்டையின் விளிம்பு உள்ளங்கையைக் கிழித்தது, எரிந்தது, பார்க்க நேரமில்லை. மணி மூன்று இருபது. நாலு மணிக்கு முக்தாரின் லொறி வந்துவிடும். அதற்குள், காலையிலிருந்து பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து கூரை முட்ட அடுக்கிய இந்த இரும்புக் கொள்கலனுக்குள் எப்படிப் பூண்டு வாசம் வருகிறது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஏற்றிய சாமான்களில் பூண்டு கிடையாது. அரிசி, மா, பருப்பு, சீனி, பால்மா, தேயிலை, அவ்வளவுதான். பூண்டு மாதிரி நாறுவது பூச்சி மருந்து மாத்திரை. சாமான் ஏற்றி முடிந்ததும் மாத்திரைப் பையைக் கதவின் உள்பக்கம் தொங்கவிட்டு, கதவைச் சாத்தி, இடுக்கெல்லாம் டேப் ஒட்டி சீல் வைத்தால், வண்டும் புழுவும் மட்டுமல்ல, உள்ளே மூச்சு விடுகிற எதுவும் மிஞ்சாது.

ஆனால் மருந்து டின் இன்னும் வெளியே, ஏற்றுமேடையின் ஓரத்தில், மூடி திறக்காமல் இருக்கிறது.

நிவித்திகலவுக்கு மேலே, தேயிலைத் தொழிற்சாலையாக இருந்து மூடிப்போன கட்டடம் அது. மேல்மாடியில் கொழுந்து வாட்டிய தட்டிகள் இன்னும் கிழிந்து தொங்கும். கீழே கொழும்புக் கம்பெனி ஒன்று வாடகைக்கு எடுத்து, கப்பலுக்கு உலர் உணவுச் சாமான் பொதி செய்கிறது. சும்மா கப்பலும் இல்லை. ஏதோ தூரதேசத்துக் கடற்படையின் சாமான் கப்பல். கரைக்கே வராமல் மாதக் கணக்கில் சுற்றுகிற போர்க்கப்பல்களுக்கு நடுக்கடலில் போய்ச் சாப்பாடு கொடுப்பதுதான் அதன் வேலை. கொழும்புத் துறைமுகத்தில் இந்தக் கொள்கலன்களை அப்படியே ஏற்றிக்கொண்டு போய்விடும்.

அப்படிக் கொடுக்கிற வீடியோவை ஒருநாள் மேற்பார்வையாளர் சுதாகரன் தன் போனில் காட்டினார். இரண்டு கப்பல்கள் பக்கத்துக்குப் பக்கம் ஓடிக்கொண்டிருக்க, நடுவில் கட்டிய கம்பியில் பொதி ஒன்று ஆடி ஆடிப் போகிறது. அடியில் கடல் பால் மாதிரிப் பொங்குகிறது. பெண்களெல்லாம் வாயைப் பிளந்து பார்க்க, புஷ்பம் மட்டும் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்:

"அடியே, ஓடுற பஸ்ஸுக்கு ஜன்னல் வழியா சோத்துப் பார்சல் குடுக்கிற மாதிரியில்ல இருக்கு!"

சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆனது. அதற்குப் பிறகு புஷ்பம், ஷாமிளாவுக்கு மட்டும் கேட்கும்படி, "நான் கட்டுற பொதியெல்லாம் கடலுக்குப் போகுது. நான் இன்னும் கடலக் கண்ணால பாக்கல புள்ள" என்றாள்.

அந்தப் புஷ்பம் காணாமல் போய் இன்றோடு நாற்பத்தோரு நாள்.

ஒன்பதாவது பெட்டி. பத்தாவது. மழை தகரக் கூரையில் விழுந்து விழுந்து, கேட்டுக் கேட்டு, ஒரு நிசப்தம் போலவே ஆகிவிட்டிருந்தது. அதன் அடியில் எங்கோ தூரத்துப் புத்தப் பன்சலையின் ஒலிபெருக்கியில் பிரித் ஓதும் குரல் ஏறி இறங்கியது. போயா நாள், பௌர்ணமி விடுமுறை. மற்றவர்களெல்லாம் மதியத்தோடு முழுநாள் கூலிக்கு முழுப்பேர் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். கதவு சாத்துகிற பொறுப்பு ஷாமிளாவுடையது என்பதால் அவள் மட்டும் நின்றாள். நிற்பதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. தோட்ட லயத்து வீட்டுக்குப் போனால் அங்கே மட்டும் யார் இருக்கிறார்கள்? புருஷன் எம்பிலிப்பிட்டியவில் வேறு குடும்பம் ஆகி ஐந்து வருஷம். மிச்சமிருந்தது ஒற்றை அறைக் காம்பரா, ஒரு அடுப்பு, ஒரு சுவர்.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் புஷ்பம் இருந்தாள்.

விடிகாலை நாலு மணிக்குச் சுண்ணாம்பு டப்பாவால் சுவரில் தட்டுவாள். டொக் டொக் டொக். மூன்று. எழும்பிட்டியா என்று அர்த்தம். ஷாமிளா படுத்தபடியே கையை நீட்டி, டொக் டொக். இரண்டு. எழும்பிட்டேன். பிறகு இரண்டு அடுப்பும் எரியும். ஐந்து வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தப் பதில் தவறியதில்லை.

இப்போது சுவரில் தட்டுச் சத்தம் இல்லை. ஷாமிளா நாலு மணிக்கு விழித்து, கண்ணைத் திறந்தபடி சுவரையே பார்த்துக்கொண்டு கிடப்பாள்.

போன் அடித்தது. சுதாகரன். அவர் வவுனியாப் பக்கத்து ஆள்.

"என்ன ஷாமிளா, கதவு பூட்டியாச்சே?"

"இன்னும் இல்லீங்க சேர். உள்ள மருந்து வாசம் வருதுங்க. என்னான்னு பாக்குறேன்."

"அது திரும்பி வந்த கொண்டெய்னர் எல்லே? பழைய மணம் இருக்கும். போன தடவை நாங்கள் அனுப்பினதுதான் அது, கப்பலால கழுவி அனுப்பியிருக்கினம். நீர் பயப்பிடாமல் பூட்டும். நாலு மணிக்கு லொறி வெளிக்கிடவேணும். கப்பல் எங்களுக்காகக் காத்துக்கொண்டு நிக்காது."

போனை வெட்டிவிட்டார்.

ஷாமிளா கையிலிருந்த பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். போன தடவை அனுப்பினது. அவளுக்கு அது காலையிலேயே தெரியும். இடப்பக்கச் சுவரில் யானைக் காது மாதிரி அதே நெளிவு. அதைப் பார்த்த நேரத்திலிருந்து ஒரு வாய் தண்ணீர் இறங்கவில்லை.

கொள்கலனோடு கப்பலின் சாமான் பொறுப்பாளர் கையெழுத்திட்ட தாளும் வந்திருந்தது. சுதாகரன் அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். சரக்கு முழுவதும் சரி. குறை எதுவும் இல்லை.

குறை எதுவும் இல்லை.

"என்ன புள்ள, ஏத்துன சாமான இறக்கிக்கிட்டு நிக்கிற? போயாவுக்கு நேத்திக்கடனா?"

துள்ளித் திரும்பினாள். காவல்காரர் பழனியாண்டி. தலையில் உரப்பை, கையில் கம்பி முறிந்த குடை.

"சும்மா, ஒரு பெட்டி சரிஞ்சிருச்சுண்ணே."

"நல்லா சரிஞ்சிச்சு. கீழ தன்சல்ல சும்மாவே ஐஸ்கிரீம் குடுக்குறாங்களாம். இந்த மழைக்கு ஐஸ்கிரீம்! ஒரு எட்டு போய் ரெண்டு வாங்கிட்டு வந்துர்றேன். உனக்கும், உள்ள இருக்கிற ஆளுக்கும்."

"எந்த ஆளு?"

"எனக்கென்ன தெரியும்? தூண்ல ரெண்டு டோக்கன் தொங்குதே."

குடையை விரித்துக்கொண்டு அவர் மழைக்குள் போனார். சேற்றில் அவருடைய செருப்புச் சத்தம் கொஞ்சநேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

டோக்கன் என்பது தொழிற்சாலைக் காலத்துப் பித்தளை வில்லை. ஒவ்வொருத்திக்கும் ஒரு நம்பர். கொள்கலனுக்குள் போகும்போது கதவுக்கு எதிரே உள்ள தூணின் கொக்கியில் டோக்கனை மாட்ட வேண்டும். வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். கொக்கியில் ஒரு டோக்கன் தொங்கினாலும் கதவைச் சாத்தக் கூடாது. அதுதான் சட்டம்.

சட்டத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வழக்கமும் இருந்தது. மாலையில் அதே டோக்கனைக் காட்டினால்தான் அன்றைய பேர் விழும். யாராவது பிள்ளைக்குக் காய்ச்சல் என்றோ, கிளினிக் என்றோ, கொக்கியில் டோக்கனை மறந்துவிட்டுப் பின்பக்கப் பாதையால் நழுவிவிட்டால், தோழி ஒருத்தி அதை எடுத்து மாலையில் காட்டிவிடுவாள். அரைப்பேராகாமல் முழுப்பேர் விழும். எல்லோரும் எல்லோருக்கும் செய்தார்கள். புஷ்பம் ஷாமிளாவுக்கு எத்தனை தடவை செய்திருக்கிறாள்!

நாற்பத்தோரு நாளைக்கு முன்னால் ஷாமிளா புஷ்பத்துக்குச் செய்தாள்.

கதவுப் பொறுப்பு கிடைத்து ஒரு வாரம்தான். மழை. லொறி வந்து நின்றுவிட்டது, பிந்தினால் அந்தப் பொறுப்பு போய்விடும். கொக்கியில் பதினான்காம் நம்பர் மட்டும். புஷ்பத்தைக் காணோம். பேத்திக்குச் சளி என்று காலையில் சொன்னாளே, போயிருப்பாள். ஷாமிளா பதினான்கை எடுத்து ரவிக்கைக்குள் இருந்த மணிபர்ஸில் போட்டாள். மருந்துப் பையைத் தொங்கவிட்டாள். கதவைச் சாத்தினாள்.

புஷ்பத்துக்கு ஒரு பழக்கம் இருந்தது. பெட்டிகளுக்கு நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குப் பொந்து விட்டு அடுக்குவாள். சுதாகரன் கண்ணில் படாமல், அதற்குள் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் வெற்றிலை போடுவாள். "என் பங்களா" என்பாள். அது ஷாமிளாவுக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று மாலை பாதையில் ஓடை பெருகி ஓடியது. அவளை வெள்ளம் கொண்டு போய்விட்டது என்றார்கள். மூன்று நாள் தேடினார்கள். பதினாறாம் நாள் கருமாதி நடந்தது. ஷாமிளா அழுத அழுகையைப் பார்த்து, கூடப் பிறந்தவள்கூட இப்படி அழமாட்டாள் என்று லயமே சொன்னது.

தெரியாமல் நடந்தது. நாற்பத்தோரு நாளும் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது அதுதான். தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

மேடைக்கு வந்து தூணைப் பார்த்தாள்.

இரண்டு டோக்கன். ஒன்று அவளுடையது, முப்பத்தொன்று. அதன்மேல் இன்னொன்று ஒட்டிக்கொண்டு தொங்கியது. ஈரமாக இருந்தது. சொட்டியது. அதன் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

பதினான்கு.

மணிபர்ஸை எடுத்தாள். அது எப்போதும் இருக்கும் இடத்தில்தான் இருந்தது, எப்போதும் போல இறுக்கமாக ஜிப் போட்டிருந்தது. திறந்தாள். நாற்பத்தோரு நாளாக அதற்குள் இருந்த டோக்கன் இல்லை. விரலில் மட்டும் கொஞ்சம் சுண்ணாம்பு ஒட்டியது.

எடுத்துவிட்டால் போதும். அன்றைக்குப் போல, ஒரு கை அசைவு. எடுத்து மழையில் வீசிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, முக்தாரை அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் போய் அடுப்பை மூட்டலாம். கையை நீட்டினாள். பித்தளைக்கு ஒரு விரல் தூரத்தில் கை நின்றது. டோக்கன் தொங்கினால் உள்ளே ஆள் உண்டு. ஆள் உண்டென்றால் பார்க்க வேண்டும். இந்தத் தடவையாவது.

கையை இழுத்துக்கொண்டாள். உள்ளே போனாள்.

வலப்பக்கக் கதவு ஏற்கெனவே சாத்தி இருந்தது. திறந்திருந்த இடப்பக்கம் வழியாக வந்த சாம்பல் வெளிச்சம் நாலைந்து அடி வந்து, களைத்து, நின்றுவிட்டது. அதற்கப்பால் அட்டைப் பெட்டிகளின் சுவர். போனின் வெளிச்சத்தைப் போட்டு, இறக்கிய பெட்டிகளின் இடைவெளியில் பக்கவாட்டாக நுழைந்தாள். அட்டை வாசம், மா வாசம், தேயிலையின் காய்ந்த வாசம், எல்லாவற்றுக்கும் அடியில் பூண்டு. அதற்கும் அடியில் இன்னொன்று. கருவாட்டுக் கடையில் காலையில் தண்ணீர் தெளித்துக் கழுவும்போது வருமே, அந்த வாசம். அவள் கதிர்காமம் போன வழியில் ஒரே ஒரு தடவை முகர்ந்திருந்தாள்.

கடல்.

"யாரு?" என்றாள். குரல் அட்டைக்குள் போய்த் திரும்பி வரவில்லை.

இன்னும் இரண்டு பெட்டி. இழுத்தாள். பின்னால் வெற்றிடம்.

இன்று அடுக்கும்போது அவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். இடைவெளி விடாமல் அடுக்கச் சொல்லி ஒவ்வொரு வரிசையையும் கையால் தட்டிப் பார்த்திருந்தாள். இங்கே பொந்து இருக்க முடியாது. இருந்தது. சுத்தமாக, சதுரமாக, புஷ்பம் விடுகிற மாதிரியே. தரையில் தட்டையாக்கிய அட்டை விரித்திருந்தது.

ஒன்று இல்லை. இரண்டு அட்டை.

பக்கத்துப் பக்கம். ஒன்று நனைந்து ஊறிக் கறுத்திருந்தது, யாரோ ரொம்ப நேரம் உட்கார்ந்து எழுந்த மாதிரி நடுவில் குழிந்திருந்தது. மற்றது புதுசு. காய்ந்தது. யாரும் இன்னும் உட்காராதது.

புதுசின் மேல் ஒரு வெற்றிலை. மடித்து, பாக்கு வைத்து, சுண்ணாம்பு தடவி, ஷாமிளாவுக்குப் பிடித்த மாதிரி ஒரு ஏலக்காயும் செருகி.

ஏலக்காய் சங்கதி புஷ்பத்துக்கு மட்டும்தான் தெரியும்.

பயத்துக்கு முன்னால் அவளுக்கு வந்தது அழுகை. நாற்பத்தோரு நாளில் யாரும் அவளுக்காக ஒரு வாய் எதுவும் எடுத்து வைக்கவில்லை. "அக்கா" என்றாள். குனிந்து புது அட்டையில் கையை ஊன்றினாள். உட்கார்ந்துவிடுவாள் போலிருந்தது.

வெளியே லொறியின் ஹாரன்.

நிமிர்ந்தாள். திரும்பினாள். பெட்டிகளின் இடைவெளி நீளமாக, குறுகலாக, அதன் முனையில் கதவளவு வெளிச்சம். அந்த வெளிச்சத்தின் நடுவில் தூண். தூணில் கொக்கி. கொக்கியில் இரண்டு டோக்கன்.

ஒரு கை வந்தது.

பக்கத்திலிருந்து, அவசரமில்லாமல். ஊறி வெளுத்த கை. விரல் நுனிகள் தோல் சுருங்கி, நகத்தடியில் சுண்ணாம்பு. அது முதலில் பதினான்கை எடுத்தது. பிறகு முப்பத்தொன்றையும் எடுத்தது. மெதுவாக. பக்குவமாக. தோழியின் பேர் குறையக் கூடாதென்று எடுக்கிற மாதிரி.

ஷாமிளா ஓடினாள். தோள் பெட்டியில் இடித்தது. போன் விழுந்தது. பருப்புப் பெட்டி ஒன்று சரிந்து காலைப் பிடித்தது. உதறினாள். வெளிச்சம் ஒடுங்கியது. ஒரு முழம். ஒரு சாண். ஒரு கோடு.

இருட்டு.

முகத்தில் எதுவோ மோதி ஆடியது. துணிப் பை. உள்ளே கல் மாதிரி மாத்திரைகள். ஏற்கெனவே ஈரம் பட்டுப் புகையத் தொடங்கியிருந்தன. பூண்டு.

கத்தினாள். மழை பெரிதாகக் கொட்டியது. தன் குரல் தன் காதுக்கே கேட்கவில்லை. மறுபடி கத்த மூச்சை இழுத்தபோது தொண்டை எரிந்தது, குரல் அங்கேயே செத்தது. காலால் தடவிச் செருப்பை எடுத்தாள். அதன் குதியால் இரும்பில் தட்டினாள். எப்படித் தட்டினாள் என்று அவளுக்குத் தெரியாது. கைக்குப் பழகியது அது ஒன்றுதான்.

டொக் டொக் டொக்.

வெளியே கதவுக் கம்பி இறங்கும் சத்தம். சீல் கடிக்கும் சத்தம். பிறகு முக்தாரின் குரல், ஓர் அடி தூரத்தில், இரும்புக்கு அந்தப் பக்கம்.

"உள்ளுக்கு யாரோ தட்டுறாப் போல கேக்குதே தங்கச்சி?"

அவள் அப்படியே நின்றாள். அன்றும் இதே கேள்வி. இதே ஆள். இதே மழை.

பதில் சொன்ன குரலும் அவளுக்குத் தெரிந்த குரல்தான். கொஞ்சம் அவசரமாக, கொஞ்சம் சிரிப்போடு, முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்ன குரல். அது ஷாமிளாவின் குரல்.

"மழைங்கண்ணே. தகரத்துல மழை. நீங்க எடுங்க, கப்பல் போயிரும்."

"அப்பிடியா? சரி சரி."

டொக் டொக் டொக். டொக் டொக் டொக்.

என்ஜின் உறுமியது. தரை அதிர்ந்தது. பெட்டிகள் ஒன்றோடொன்று உரசின. லொறி முதல் வளைவில் திரும்பியது. கொழும்புக்கு மூன்றரை மணி நேரம். அன்று அந்த மூன்றரை மணி நேரமும் முக்தாரின் நம்பர் அவளுடைய போனில் இருந்தது. ஏற்றுமேடையிலேயே, போனைக் கையில் பிடித்துக்கொண்டு, லொறி இப்போது இரத்தினபுரி தாண்டியிருக்கும், இப்போது அவிசாவளை தாண்டியிருக்கும் என்று எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

கதவோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள். கடைசியாக ஒரு தடவை செருப்பைத் தூக்கினாள். டொக். டொக். டொக்.

பின்னால், பெட்டிகளுக்கு நடுவில், விரித்த அட்டை ஒன்று ஈரமாகச் சரசரத்தது. யாரோ நகர்ந்து இடம் விட்ட மாதிரி.

பிறகு, சுண்ணாம்பு டப்பாவால், மிக அருகில்.

டொக் டொக்.

இரண்டு. அன்று உள்ளேயிருந்து மூன்று தட்டுக் கேட்டதும், அது யாரென்று தெரிந்தும், சீலைக் கையில் பிடித்துக்கொண்டு ஷாமிளா கொடுக்காமல் விட்ட பதில்.